இயந்திரம் நின்ற மதியம்

மின்சாரக் கார்களின் பேட்டரிக்கு வேண்டிய தாது அந்த மலைக்கடியில் கிடக்கிறதாம். துளைபோடும் இயந்திரம் மலைமக்களின் இடுகாட்டுக்கு வந்த அன்றே, நஞ்சி தன் மகளைப் புதைத்த மண்மேட்டின் மேல் போய் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனிக்காரர்கள் அதட்டிப் பார்த்தார்கள். வேறு இடத்தில் சமாதி கட்டித் தருகிறோம் என்று கெஞ்சியும் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. இயந்திரம் சுற்றிலும் துளைபோட்டபடி நெருங்கி வந்தது. அது உறுமும்போதெல்லாம், உள்ளே பிள்ளை விழித்துக்கொள்ளுமோ என்று பயந்தவள்போல, மேட்டை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொள்வாள்.

இன்று மதியம் சத்தம் சட்டென்று நின்றது. தன்னைத் தூக்கத்தான் வருகிறார்கள் என்று நஞ்சி மண்ணை இறுக்கிப் பிடித்தாள். இயந்திரத்தை ஓட்டுகிறவன் இறங்கி வந்தான்.

"கோர்ட்டுல நிறுத்தச் சொல்லிட்டாங்கக்கா. உங்க கிராமசபை சம்மதிக்காம இங்க தோண்டக்கூடாதாம்."

"இன்னிக்கு மட்டுமா?"

"மெஷினையே கீழ இறக்கச் சொல்லிட்டாங்க. எனக்கும் இப்பதான் மூச்சு வருது."

இயந்திரம் சரிவில் இறங்கி, அது கிளப்பிய புழுதி அடங்கும்வரை நஞ்சி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் கைகள் தளர்ந்தன. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சேதி கேட்டு ஓடிவந்த அவள் கணவன் சடையன் கையை நீட்டினான். "வா புள்ள, வீட்டுக்குப் போலாம்."

"இரு மாமா. இத்தன நாளும் மெஷினத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பிள்ளையோட உக்காரவே இல்ல. நீயும் உக்காரு."

சடையன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.