அரிவாள் பிடித்த கை

பிரான்சின் பிரிட்டானி கடலோரச் சத்திரத்துச் சுவரில், ஓவியர் லூசியன் தன் அச்சுப்படத்தை மாட்டினார். அதில் ஐந்து பெண்கள் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்காக வயலில் அறுத்துக் காட்டிய ஐவரும் பார்க்க வந்தார்கள்.

“தொப்பி மடிப்புகூட அப்படியே இருக்கே!” என்று வியந்த கத்தேல், சட்டென்று சிரித்தாள். “அய்யே, என் அரிவாள் பீச்சாங்கையில இருக்கு! பார்பா, உன்னுதும்தான்டி!”

லூசியனுக்கு முகம் சிவந்தது. “கல்லுல வரைஞ்சு அச்செடுத்தா தாள்ல இடம் வலம் மாறி விழும். மறந்தே போயிட்டேன். கிழிச்சுடறேன்.”

“கிழிக்காதீங்கய்யா, எனக்குக் குடுங்க!” பெரினா பாய்ந்து தடுத்தாள்.

“உனக்கு எதுக்குடி?” என்றாள் கத்தேல்.

“சின்னதுலேர்ந்து என்னைப் பீச்சாங்கைன்னு கேலி பண்ணீங்களே! படத்துல வலது கையால அறுக்கற ஒரே ஆளு நான்தான்!”