மூன்றாவது சிறைவாசல்

"போன மாசம் காணாமப் போனது ஆன்ட்ரேய் அண்ணன், இப்ப மிகாஸ் அண்ணனா? உங்கம்மா எத்தனை பேரைத்தான் பெத்தாங்கடி?" வம்புக்காகவே கூட வந்திருந்த பக்கத்து வீட்டு யாத்விகா கேட்டாள்.

"மெதுவாக்கா, காவலருக்குக் கேட்டுடப் போகுது," என்றாள் அலேசியா.

மின்ஸ்க் நகரில் இது மூன்றாவது சிறை. முதல் இரண்டிலும் 'மிகாஸ்னு யாருமில்லை' என்று காலுறை, சோப்புப் பொட்டலத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

ஜன்னல் திறந்தது. காவலர் பட்டியலைப் பார்த்தார்; பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பொட்டலத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்.

அலேசியா போனை எடுத்து எண்களை அழுத்தினாள்.

"அம்மா, நீங்க என்னைப் பார்த்ததில்லை. மனித உரிமைச் சங்கத்திலேர்ந்து பேசறேன். சொந்தக்காரங்க கொடுத்தாத்தான் வாங்குவாங்கன்னு தங்கச்சின்னு சொல்லிக் கொடுத்தேன்; பொட்டலத்தை வாங்கிட்டாங்க. உங்க பையன் உயிரோட இங்கதான் இருக்கார். எங்க வக்கீலை இப்பவே வரச் சொல்றேன்."

யாத்விகா தன் பையிலிருந்த சோப்பை எடுத்து நீட்டினாள்: "இந்தாடி, உங்கம்மாவோட அடுத்த பையனுக்கு."