ரத்த சம்பந்தம்

“அப்பா, உங்க ராணி போச்சு.”

கூடத்திலிருந்து மகள் கத்தினாள். சமையலறையில் இருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நகர்த்தச் சொன்னது யானையை.

நாலு நாளாகச் சதுரங்கம் இப்படித்தான் நடக்கிறது. பலகை கூடத்தில், மகளுக்கு முன்னால். அவர் சமையலறையில் ஒரு ஸ்டூலில். அவர் சொல்லச் சொல்ல, ஓடி ஓடிக் காய் நகர்த்துகிறவள் மனைவி. அவளுக்குக் குதிரையைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுதான்.

போன வாரம் ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் சி என்று வந்தது. வேலை பழகிய வயதில் கை நசுங்கி ரத்தம் ஏற்றியபோது நுழைந்த கிருமியாம். இத்தனை வருஷமும் சொல்லாமல் கொள்ளாமல் ஈரலில் குடியிருந்திருக்கிறது.

மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் அநேகமாக முழுசாகக் குணமாகிவிடும் என்று டாக்டர் சொன்னதும் பயம் போயிற்று. அடுத்த அறையில் நர்ஸ் சொன்ன ஒரு வார்த்தையில் திரும்பி வந்துவிட்டது.

அன்றிலிருந்து மகள் பக்கத்திலேயே வரக்கூடாது. அப்பா வேலை முடிந்து வந்ததும் முதுகில் தொங்குகிற பெண் அவள். பதினான்கு வயதாகியும் விட்டபாடில்லை. இப்போது கதவருகே நின்று கையாட்டிவிட்டுப் போகிறாள்.

அடுத்த தெருவிலிருந்து அவருடைய தம்பி பழம் வாங்கிக்கொண்டு வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவன் இன்னும் ஃபோன் செய்யவில்லை.

அவருக்கு மட்டும் இதெல்லாம் இனிக்கிறதா என்ன? மகளின் குரல் கேட்கும்போதெல்லாம் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிடுவார். ஆனால் அவளுக்கு ஒட்டிக்கொண்டால் என்ற நினைப்பு வந்ததும், ஸ்டூலைச் சுவரோரமாக இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்.

மனைவி டீயோடு வந்து நின்றாள். பாதி குடித்துவிட்டு, வழக்கம்போல் மீதியை அவளிடம் நீட்டினார்.

அவள் டம்ளரையே பார்த்தாள்.

“ஏங்க, எனக்கு மட்டும் ஒட்டாதா?”

“உனக்கு எப்படி ஒட்டும்? ரத்த சம்பந்தமாத்தான் பரவும்னு நர்ஸம்மா தெளிவா சொன்னாங்களே. நீ வேற வீட்டுப் பொண்ணு.”

அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

லிஃப்டோடு வருகிற கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படிக்கிற மனுஷன், ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டீசை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததோடு சரி. அவளே எடுத்துப் பிரித்துப் படித்துக் காட்டினாள். ஒருவருடைய ரத்தம் இன்னொருவர் ரத்தத்தில் கலந்தால்தான் பரவும். ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம். சவர பிளேடு, பல் பிரஷ், நகவெட்டி, இவற்றை மட்டும் யாரோடும் பகிரக்கூடாது.

அந்த வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஆணியில் தொங்கியது நகவெட்டி ஒன்றுதான். அதை எடுத்து அவருடைய சவரப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். நாளைக்கே தானும் மகளும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுவதாகவும் சொன்னாள்.

மெக்கானிக் அசடு வழிந்தார். நாலு நாள் பாரம் இறங்கியதில் அவருக்கும் சிரிப்பு வந்தது.

அவள் சிரிப்பு மட்டும் மெல்ல அடங்கியது. அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“சரி, நீங்க நெனச்ச மாதிரியே இருக்கட்டும். தம்பியத் தள்ளி வெச்சீங்க, புரியுது. இவள எதுக்குத் தள்ளி வெச்சீங்க?”

“இது என்ன கேள்வி? அவ என் பொண்ணு.”

அவள் சமையலறை வாசல் வழியாகக் கூடத்துச் சுவரைப் பார்த்தாள்.

அங்கே அவர்களுடைய கல்யாண ஃபோட்டோ. இருவருக்கும் நடுவில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்தபடி நிற்கிறாள் ஆறு வயது மகள்.

எட்டு வருஷத்தில் அது அவருக்கு மறந்தே போயிருந்தது.