முயல் படம் போட்ட புத்தகம்

"மறுபடியும் இதே புத்தகமா? வேற புத்தகமே உங்க கண்ணுல படலையா?"

மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் தயங்கினாள். "இன்னும் ஒரு தடவை மட்டும் தேதி போட்டுக் குடுங்க மேடம்."

நூலகரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பேர் 'உஷ் மேடம்'. அந்த உஷ் மேடமே இன்று சத்தம் போட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

தப்பு அவளுடையதும்தான். அட்டையில் முயல், உள்ளே பேசுகிற பிராணிகள். போதாதா? பொடிசுகள் அலமாரியில் கொண்டுபோய் அடுக்கிவிட்டாள். உள்ளே பிரித்துப் பார்க்க எங்கே நேரம்? நேற்று, இன்னொரு பிரதியை எடுத்துப்போன ஓர் அப்பா வந்து அந்தப் பக்கத்தை மூக்குக்கு நேரே நீட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

நரிக் கூட்டம் வளையைத் தோண்டி உள்ளே புகுகிறது. அம்மா முயலைக் குதறிப் போடுகிறது. மண்ணெல்லாம் ரத்தம். குட்டி முயல் மூலையில் மூச்சை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறது. அந்த அப்பாவிடம் அவள் கேட்ட வசவு ஒரு பக்கம். மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

"இந்தப் புத்தகம் இனிமே கிடையாது. ரெண்டையும் இன்னிக்கே திருப்பி அனுப்பணும்."

"ஐயோ, வேண்டாம் மேடம்!"

"என்னம்மா ஐயோ? இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நான்தான் தினமும் படிச்சுக் காட்டறேன்."

தெரிந்தேவா! கதவோரம் நின்ற சிறுமியை உஷ் மேடம் எட்டிப் பார்த்தாள். எட்டு வயது இருக்கும். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பாவம், இதைக் கேட்டுக் கேட்டுத்தான் இப்படி மிரண்டு போயிருக்கிறது.

"பச்சைப் புள்ளைக்குப் போய் இந்த ரத்தக்களறியைப் படிச்சுக் காட்டறீங்களே, பெத்த தாய் செய்யற காரியமா இது?"

"நான் பெத்த தாய் இல்ல மேடம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இவளைப் பெத்தவங்க உயிரோட இல்ல. சண்டை நடந்த ஊரு. ராத்திரி வீட்டுக்குள்ள பூந்துட்டாங்களாம். எங்ககிட்ட வந்ததுலேருந்து இவ ஒரு வார்த்தை பேசல. டாக்டரு, டீச்சரு, யாராலயும் முடியல."

உஷ் மேடம் மறுபடி கதவோரம் பார்த்தாள்.

"முயல் படம் நல்லா இருக்கேன்னுதான் நானும் எடுத்துட்டுப் போனேன். இந்தப் பக்கம் வந்ததும் மூடப் போனேன். இவ விடல. குட்டி முயலைத் தொட்டுக் காட்டி, 'நானும் இப்படித்தான் கட்டிலுக்கு அடியில இருந்தேன்'னா. அன்னிக்குத்தான் மேடம் இவ குரலையே நான் கேட்டேன்."

உஷ் மேடத்துக்கு என்ன பேச்சுப் பேசிவிட்டோம் என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"தினமும் இந்தப் பக்கம் வரைக்கும் படிக்கச் சொல்லுவா. மேல போனா மூடிடுவா. நானும் வற்புறுத்தறதில்ல."

அழுக்கேறிப் போயிருந்த அந்தப் பக்கத்தை அவள் மெல்லப் புரட்டினாள். அடுத்த பக்கம் விரல் படாமல் புதுசாக இருந்தது.

"குட்டி முயல் வளையை விட்டு வெளியே வர்றது இந்தப் பக்கத்துலதான் மேடம். இவ இன்னும் இங்க வந்து சேரல. அதுவரைக்குமாவது இந்தப் புத்தகம் எங்க வீட்ல இருக்கட்டும்."