விடாத பிடி

ஆட்குறைப்புப் பட்டியலில் முதலில் இருந்தது சுகந்தியின் பெயர்தான். பிரசவ விடுப்பில் இருப்பவளை நீக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அவள் மேலாளருக்கு எழுதினாள். மறுவாரம் அந்த இடத்தில், ஐந்து மாதமாக அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்த ஜெசிந்தாவின் பெயர் வந்தது. ஜெசிந்தாவுக்கு அந்த முதல் பட்டியல் பற்றியோ கடிதம் பற்றியோ தெரியாது.

வேலையின் கடைசி நாளன்று ஜெசிந்தா, சுகந்தியின் குழந்தையைப் பார்க்க வந்தாள். மடியில் வாங்கியதும் அது அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டது.

"என்ன பிடிடி இது! விடு தங்கம், அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல ஒப்படைக்கணும்" என்று சிரித்தாள். "நல்லவேளை, உங்க பேரு வரலக்கா. கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

சுகந்தி குனிந்து பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்தவை மறுபடி மூடிக்கொண்டன.

"இருக்கட்டும்க்கா, அவளா விடட்டும்" என்றாள் ஜெசிந்தா.