பெரியப்பாவின் உத்தரவாதம்

பெரியப்பா இருமினார்.

பழைய கார் வாங்கப் போனவன் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதுபோல, சுஹைல் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

அவன் மனைவி ஹனாதி கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். இன்ஷூரன்ஸ்காரன் ஐந்து மணி வரை நேரம் கொடுத்திருந்தான். இப்போது நாலரை.

சுவிட்சர்லாந்துக்குப் பதினான்கு நாள். ஆறாயிரம் தினார் கட்டியாகிவிட்டது. போகாவிட்டால் ஒரு காசு திரும்ப வராது. சாதாரண பாலிசி எடுத்தால், அப்பா அம்மாவோ கூடப்பிறந்தவர்களோ செத்துப் பயணம் நின்றால்தான் பணம் கிடைக்கும். பெரியப்பா செத்தாலும் கிடைக்க வேண்டுமானால் அதற்கு வேறு பாலிசி. முந்நூறு தினார்.

பாலிசி எழுதியவனுக்கு ஜோர்டானின் இந்த மதாபா ஊரைத் தெரியாது. இங்கே பெரியப்பா அபூ மிஷால் என்றால் நாலாயிரம் பேர் கொண்ட குலத்துக்கே தலைவர். அவர் போனால் மூன்று நாள் துக்கக் கூடாரம். மகன் மிஷால் கனடாவில் இருக்கிறான், அவன் வந்து சேர்வதற்குள் கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள். மூத்த தம்பி மகன் சுஹைல்தான் முன்வரிசையில் நின்று வருகிறவர்கள் கையை எல்லாம் குலுக்க வேண்டும், சர்க்கரையில்லாத காப்பி கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் பனிமலையில் நின்றால், பிறகு ஊரில் தலைகாட்ட முடியாது.

இருபத்திரண்டு வருடத்தில் மூன்று பயணங்கள் இப்படித்தான் போயின. தேனிலவுக்கு இஸ்தான்புல் டிக்கெட் எடுத்த வாரம் சித்தப்பா கண்ணை மூடினார். சைப்ரஸை அத்தை கொண்டுபோனார். ஜார்ஜியாவைக் கெடுத்தவர் யாரோ ஒன்றுவிட்ட பெரியவர், ஹனாதி அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. மூன்று துக்கத்திலும் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். நல்ல மருமகள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இந்தத் தடவை பாலிசி எடுத்தே தீர வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

சுஹைலுக்கு மனசு வரவில்லை. "முதல்ல ஆளைப் போய்ப் பாத்துட்டு வருவோம். நல்லா இருந்தார்னா முந்நூறும் தண்டம்தானே?" என்றான்.

அப்படி வந்து உட்கார்ந்த இடம்தான் இது. மேஜையில் பிரிக்காத இனிப்புப் பெட்டிகள் ஆறு இருந்தன. இவர்கள் கொண்டுவந்தது ஏழாவது. பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்பது நாலாயிரம் பேருக்கும் தெரியும்.

"என்னடா, எத்தனாந்தேதி கிளம்புறீங்க?" என்றார் அவர்.

சுஹைல் திருதிருவென்று விழித்தான். "எங்க கிளம்புறோம்? சும்மா உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னுதான், பெரியப்பா..."

"சும்மா வர்றவன் பெருநாளைக்கு வருவான். ஜூன் மாசம் வர்றவன் பையில எல்லாம் டிக்கெட் இருக்கும்."

ஹனாதிக்கு உடம்பு கூசியது. ஆனாலும் உண்மையைச் சொன்னாள். "ஜூலை எட்டு போயிட்டு இருபத்திரண்டு திரும்பறோம், மாமா."

சாய்ந்திருந்த பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது கையால் கன்னத்தைத் தொட்டார்.

"இது என் முகத்து மேல. இருபத்திரண்டு வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன். நிம்மதியா போயிட்டு வாங்க."

இந்த மனிதர் ஒருநாள் 'என் முகத்து மேல' என்று வாக்குக் கொடுத்ததால்தான், கொலை நடந்த இரண்டு குடும்பங்கள் பதினைந்து வருடமாக ஒரே கடையில் ரொட்டி வாங்குகின்றன.

கைபேசி அதிர்ந்தது. "யாரு?" என்றார் பெரியப்பா.

"இன்ஷூரன்ஸ்..." என்று உளறினான் சுஹைல்.

"ஏன், என் முகம் பத்தாதா?"

சுஹைல் பாய்ந்து அதைப் பிடுங்கி அணைத்தான். அவன் முகத்தில் வெளிச்சம். முந்நூறும் மிச்சம், மரியாதையும் மிச்சம். இனி எந்தப் பாலிசியை எடுத்தாலும் அது பெரியப்பாவை நம்பவில்லை என்று ஊரறியச் சொல்வதாகிவிடும்.

ஹனாதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொலைகாரன் பெரியப்பாவின் முகத்துக்குக் கட்டுப்படுவான். சாவு கட்டுப்படுமா? நாலாவது பயணமும் போயிற்று என்றே அவளுக்குத் தோன்றியது.

"விமானம் ஒருநாள் தாமதமாச்சுன்னா, மாமா?" என்றாள், குத்தலாகத்தான்.

பெரியப்பா சிரித்தார். "தாராளமா ஆகட்டும். இந்த வாரம் மட்டும் ஆறு பேர் வந்து இதே வாக்கை வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஆகஸ்ட் இருபது வரைக்கும் நான் சாக முடியாது. அதுக்கப்புறம்தான் யாரும் கேட்டு வரல."

சுஹைலும் சேர்ந்து சிரித்தான். அவன் கண் கடிகாரத்தில் இருந்தது.

ஹனாதியால் சிரிக்க முடியவில்லை. வந்ததிலிருந்து இந்த மனிதரின் இருமலை முந்நூறு தினாரோடு தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தவள் தானும்தான் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"நவம்பர்ல நாங்க இன்னொரு பயணம் போறோம், மாமா" என்றாள்.

சுஹைல் வெடுக்கென்று திரும்பினான். அவனுக்குத் தெரியாமல் எங்கே, யார் பணத்தில் என்பதுபோல் பார்த்தான்.

பெரியப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொலை வழக்குகளிலேயே பொய் சாட்சியைக் கண்டுபிடித்தவர். அவர் கை கன்னத்துக்குப் போகவில்லை.

"நவம்பரா?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அது கொஞ்சம் கஷ்டம்தான்மா. பாக்கறேன்."