கீழ்ப்பக்கம் தள்ளும் துப்பாக்கி

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வாத்து வேட்டை தொடங்கவிருந்தது. மார்லிஸ் தன் கணவர் ஆர்விட்டைத் துப்பாக்கிக் கடைக்கு இழுத்து வந்தாள்.

"சுட்ட தோட்டாக் கூட்டைக் கீழ்ப்பக்கமா தள்ளுற பம்ப் துப்பாக்கி வேணும். எனக்குத்தான்" என்றாள் கடைக்காரரிடம்.

ஆர்விட்டுக்கு எரிச்சலாக வந்தது. "எதுக்கு இந்த விசித்திரம்? என்னோடது வலப்பக்கம்தான் தள்ளுது. முப்பது வருஷத்துல ஒரு தடவை சிக்கியிருக்கா?"

"இதுவும் சிக்காது சார். பக்கவாட்டுல திறப்பே இல்ல, மழையும் சேறும் உள்ள போகாது. இடது தோள்ல வச்சுச் சுட்டாலும் கூடு மூஞ்சிக்குக் குறுக்க பறக்காது" என்ற கடைக்காரர், மார்லிஸைப் பார்த்தார். "உங்களுக்கு இடக்கைப் பழக்கமா மேடம்?"

"இல்லையே."

கடைக்காரர் நீட்டிய காலித் துப்பாக்கியை வாங்கிய மார்லிஸ், அதை ஆர்விட்டின் இடது தோளில் பதமாகப் பொருத்தினாள்.

"போன சீசன்ல உன் குறிக்கு ஒரு வாத்துகூட விழல. வலது கண்ணு மங்கினதை இன்னும் எத்தனை நாள் மறைப்ப? இனி இடது கண்ணால குறி பாரு."

ஆர்விட் துப்பாக்கியை மெல்லத் தோளிலிருந்து இறக்கினார். "தெரிஞ்சா வேட்டைக்கு வரவேணாம்னு சொல்லிடுவியோன்னு..."

"போடா லூசு! அந்தக் குளிர்ல நீ இல்லாம நான் யாரோட உக்கார்றதாம்?"